பாங்காக்கில் மிச்சமிருக்கும் அரை நாள்: ஆற்றங்கரையில் எங்கே நடப்பது?

சென்னையிலிருந்து பாங்காக் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அரண்மனை, வாட் போ, வாட் அருண், ஒரு நாள் பட்டாயா, பிரதுநாமில் துணி. எல்லாம் முடிந்தபின் எப்படியோ ஒரு அரை நாள் மிச்சப்படும். அதை ஷாப்பிங் மாலில் ஏசி வாங்கிக்கொண்டு கழிப்பவர்கள்தான் அதிகம். என்னிடம் யாராவது கேட்டால், ஆற்றங்கரைப் பேட்டை ஒன்றில் நடங்கள் என்பேன். கேட்டவர் அடுத்து கேட்பது: "எந்தப் பேட்டை?"

நியாயமான கேள்வி. சாவோ பிரயா ஆற்றின் இரு கரைகளிலும், நகரின் நடுவிலேயே, நடந்து பார்க்கத் தோதான பழைய குடியிருப்புகள் மூன்று இருக்கின்றன. மேற்குக் கரையில், தோன்புரி பக்கம், குடி ஜீன். கிழக்குக் கரையில் சீனர் பேட்டையை ஒட்டி தலாத் நோய். அதற்குத் தெற்கே பாங் ராக். படகில் ஏறினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில நிறுத்தங்கள்தான். அதனாலேயே பலர் இரண்டை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன். காலையில் தலாத் நோய், மதியம் குடி ஜீன். இரண்டும் கெட்டது. தலாத் நோயில் பாதிக் கதவுகள் திறந்திருக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மணிக்குக் குடி ஜீன் போய்ச் சேர்ந்தால் தேவாலயம் பூட்டு, நான் தேடிப் போன கேக் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது, சந்தில் ஒரு பூனையும் நானும்தான்.

அந்தத் தடவை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்தப் பேட்டை அழகு என்று பார்க்கும் முன், உங்கள் கையில் இருப்பது காலையா மாலையா என்று பாருங்கள். காலை என்றால் குடி ஜீன். மாலை என்றால் தலாத் நோய். பாங் ராக்குக்கு வேறு கணக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குடி ஜீன்: விடியலில் தொடங்க வேண்டிய கரை

பெயரிலிருந்தே தொடங்கலாம். தாய்லாந்து மொழியில் 'குடி' என்றால் துறவி தங்கும் சிற்றில்லம். நம் 'குடில்' உடனே நினைவுக்கு வரும். 'ஜீன்' என்றால் சீனம். சீனத் துறவிகள் தங்கிய இடம் என்று பெயர் வாங்கிய பேட்டைக்கு இன்றைய அடையாளம் ஒரு போர்ச்சுகீசியத் தேவாலயம். இந்தக் கலவைதான் இந்தக் கரையின் சுவாரசியம்.

1767இல் பர்மியப் படை அப்போதைய தலைநகரான அயுத்தயாவை எரித்துத் தரைமட்டமாக்கியது. தாக்சின் என்ற தளபதி எஞ்சியவர்களைத் திரட்டி, தோன்புரியைத் தலைநகராக்கினார். அவர் பக்கம் நின்று போரிட்ட போர்ச்சுகீசிய வழிவந்தவர்களுக்கு 1769இல் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தார். அங்கே எழுந்ததுதான் சாந்தா க்ரூஸ் தேவாலயம். இப்போது நிற்பது மூன்றாவது கட்டடம், 1916இல் முடிந்தது. அதன் குவிமாடம் ஆற்றிலிருந்தே தெரியும். அதன் முகப்பு ஆற்றைப் பார்த்து இருப்பதால் காலை வெயில் நேராக அதன்மேல் விழும். மாலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், படம் கறுப்பாகத்தான் வரும். காலைக்கு நான் வாதாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முக்கியமான காரணம் வேறு. குடி ஜீனுக்கு நடந்து போகும் வழியே ஒரு பாதிப் பயணம். சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, முதலில் பாக் க்லோங் தலாத் பூச்சந்தைக்குப் போங்கள். இரவெல்லாம் நடக்கும் சந்தை இது. விடிந்தபின்னும் சாக்குச் சாக்காகச் சாமந்தி, கட்டுக் கட்டாகத் தாமரை மொட்டு, ஐஸ் பெட்டிக்குள் மல்லிகை. தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்நோக்கி மடித்துக் கொடுக்கும் அழகை நின்று பார்க்காமல் வர முடியாது. போன டிசம்பரில் என் அத்தையை அழைத்துப் போனபோது, ஒரு கடைக்காரம்மா மல்லிகையை ஊசியில் கோத்து மாலையாக்குவதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நாம கட்டறோம், இவங்க தைக்கறாங்க, அவ்வளவுதாண்டா வித்தியாசம்" என்றார். கிளம்பும்போது அந்தம்மா ஒரு சின்னச் சரத்தை அத்தை கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அவருக்குச் சிரிப்பு. அங்கே அது சாமிக்குப் போடுவது.

சந்தையிலிருந்து ஆற்றைக் கடக்க இரண்டு வழி உண்டு. போகும்போது பாலம், வரும்போது படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் என்றால் வண்டிகள் போகும் பழைய பாலத்தைச் சொல்லவில்லை. அதை ஒட்டியே இன்னொரு பாலத்தின் நடுவில், கைவிடப்பட்ட ரயில் திட்டம் ஒன்றின் எலும்புக்கூடு முப்பது வருடங்களுக்கு மேல் சும்மா நின்றது. 2020இல் அதன்மேல் செடிகொடி வைத்து, மக்கள் நடக்கும் பூங்காவாக்கிவிட்டார்கள். 280 மீட்டர் நீளம். இருபுறமும் வண்டிகள் ஓட, நடுவில் நாம் மட்டும் நிதானமாக நடக்கலாம். சென்னையில் பறக்கும் ரயில் தூண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கொஞ்சம் பொறாமை வரும். பக்கத்தில் தெரியும் பழைய பாலம், பாங்காக்கின் 150ஆம் ஆண்டை ஒட்டி 1932 ஏப்ரலில் திறந்தது. அடுத்த இரண்டே மாதத்தில் மன்னரின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்தது.

பூங்கா இறங்கும் இடத்துக்கு அருகிலேயே வாட் ப்ரயூன் என்ற புத்த கோயில். வெள்ளை வெளேர் என்று மணி கவிழ்த்தாற்போன்ற பெரிய தூபி, அங்கே 'சேதி' என்பார்கள். இதைச் சீரமைத்த விதத்துக்காக 2013இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருதுகளில் முதல் இடம் கிடைத்தது. கோயிலைக் கட்டியவர் தித் புன்னாக். பதினேழாம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து அயுத்தயாவுக்கு வந்த ஷேக் அகமதுவின் வழி வந்த குடும்பம் அது. சுற்றிலும் உள்ள இரும்பு வேலியின் கம்பிகள் ஈட்டி, கோடரி, வாள் வடிவத்தில் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, எடைக்கு எடை சர்க்கரை கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள். நுழைந்ததும் ஒரு செயற்கைக் குன்றும் ஆமைக் குளமும். குழந்தைகளோடு போனால் இங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும், நீளக் குச்சியில் பழத்துண்டு குத்தி ஆமைக்குக் கொடுக்கலாம்.

குன்றுக்குப் பக்கத்தில் பீரங்கிகளைக் கொண்ட நினைவுச் சின்னம் ஒன்று இருக்கும். பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். 1837 ஜனவரியில் கோயில் விழாவுக்கு வாணவேடிக்கை வெடித்தபோது பீரங்கி சிதறி உயிர்கள் போயின. அப்போது டான் பீச் பிராட்லி என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒரு பிக்குவின் கையை வெட்டியெடுத்து அவர் உயிரைக் காப்பாற்றினார். சயாமில் நடந்த முதல் மேற்கத்திய அறுவை சிகிச்சை என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இங்கிருந்து தேவாலயத்துக்கு ஆற்றோரமாகவே நடைபாதை இருக்கிறது. தேவாலயத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். நிலைக்கு மேல் சிலுவை, சுவரில் பீங்கான் ஓட்டில் மாதா படம், அதற்குக் கீழே துணி காய்கிறது. இது மக்கள் வாழும் இடம். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். சந்தின் உள்ளே ஒரு பழைய மர வீட்டை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. கீழே காபி கிடைக்கும். காலை ஒன்பதரைக்குத் திறக்கும், திங்கள் விடுமுறை. முதலில் அதைப் பார்த்துவிட்டுச் சந்துகளைச் சுற்றினால் எல்லாம் புரியும். நான் தலைகீழாகச் செய்தேன்.

அப்புறம் அந்தக் கேக். கனோம் ஃபராங் என்று பெயர், 'வெள்ளைக்காரப் பலகாரம்' என்று சொல்லலாம். முட்டை, மாவு, சர்க்கரை, வேறொன்றும் இல்லை. ஈஸ்ட் கிடையாது, வெண்ணெய் கிடையாது. முட்டையை நுரை பொங்க அடிப்பதில்தான் சூட்சுமம். மேலே உலர்திராட்சை, சர்க்கரைப்பாகில் ஊறிய பூசணி. மேற்புறம் மொறுமொறு, உள்ளே பஞ்சு. சில வீடுகள் மட்டும் இன்னும் சுடுகின்றன. அடுப்புப் பக்கம் நின்று சூடாக வாங்கித் தின்னுங்கள். பாக்கெட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தால் ரஸ்க் ஆகிவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இங்கே தின்ன ஒன்றும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்ச்சுகீசியர் நம் வீட்டில் ஜன்னல், அலமாரி, சாவி என்று சொற்களை விட்டுப் போனார்கள். இங்கே ஒரு பலகாரத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். எது லாபம் என்று அத்தையிடம் கேட்டேன். "சாவி இல்லாம என்ன பண்ணுவ?" என்றார்.

நடையை மேலும் வடக்கே தொடர்ந்தால் ஹொக்கியன் சீனர்களின் கியன் ஆன் கெங் ஆலயம். பெரிய கோயில்கள் எல்லாம் பொன் பூசிப் பளபளக்கும் ஊரில், மங்கிய சிவப்பும் கறுத்த மரச் செதுக்கலுமாக இது ஒதுங்கி நிற்கிறது. உள்ளே கருணையின் தெய்வம் குவான் யின். மூன்று பேட்டைகளிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அடுத்தது வாட் கல்யாணமித். கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாலி மொழியில் 'கல்யாணமித்த' என்றால் நல்ல நண்பன். உள்ளே 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்த புத்தர். சீனர்கள் அவரை சாம் போ கோங் என்று கும்பிடுகிறார்கள். இதே சுற்றில், கால்வாய்ப் பக்கம் உள்ளே தள்ளி, தாய் பாணிக் கூரையும் சுண்ணாம்பு வெள்ளைச் சுவருமாக பாங் லுவாங் பள்ளிவாசல். முதலில் பார்த்தபோது புத்த விகாரை என்றே நினைத்தேன். சுற்றியுள்ள முப்பது தூண்கள் குர்ஆனின் முப்பது பாகங்களைக் குறிப்பவை.

வாட் கல்யாணமித் படித்துறையிலிருந்து பூச்சந்தைப் பக்கம் திரும்பப் படகு. சில பாத் சில்லறைதான், ஐந்து நிமிடம். மொத்த நடை மூன்று கிலோமீட்டர் வரை வரும். ஆறரைக்குத் தொடங்கினால் நின்று நிதானித்தும் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். வெயில் ஏறும் முன் கரை சேர்ந்தாயிற்று.

தலாத் நோய்: இரும்பும் எண்ணெயும் காபியும்

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'தலாத்' என்றால் சந்தை, 'நோய்' என்றால் சின்னது. சின்னச் சந்தை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் "இன்னிக்குத் தலாத் நோய் போறோம்" என்று சொன்னால் ஆஸ்பத்திரியா என்று கேட்பார்கள், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

1782இல் புதுத் தலைநகரம் கட்ட இடம் வேண்டும் என்று, இப்போதைய அரண்மனைப் பகுதியில் இருந்த சீனர்களைத் தெற்கே நகர்த்தினார்கள். அப்படித் திரண்ட சீனர் பேட்டைதான் சம்பெங், அதன் ஆற்றோர வால்தான் தலாத் நோய். பழைய வண்டி உதிரிபாகங்களின் பேட்டை இது. சந்து முழுக்க கியர் பெட்டி, ஆக்ஸில், இன்ஜின் பிளாக் என்று மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். பழைய உதிரிபாகத்துக்குத் தாய்லாந்து முழுக்க வழங்கும் 'சியெங் கோங்' என்ற பெயர், இந்தப் பக்கத்து ஆலயம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. நம் ஊர் புதுப்பேட்டை நினைவுக்கு வராமல் போகாது. புதுப்பேட்டைக்கு நடுவில் கப்புச்சினோ கிடைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் தலாத் நோய்.

இங்கே எல்லோரும் தேடிப் போகும் ஒரு வீடு உண்டு, சோ ஹெங் தாய். இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஹொக்கியன் முற்ற வீடு. வாசலில் நுழைந்தால் முற்றத்தின் நடுவில் ஆழமான நீச்சல் குளம். வீட்டுக்காரர்கள் அதில் ஸ்கூபா டைவிங் சொல்லித் தருகிறார்கள்! செட்டிநாட்டு வீட்டு வளவில் யாரோ குளம் வெட்டிவிட்டாற்போல் இருக்கும். ஒரு பானம் வாங்கினால் உட்கார்ந்து பார்க்கலாம். பழைய வீடுகளைக் காப்பாற்ற வழி தெரியாமல் தவிக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும், பின்பற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

சந்துகளில் சுவரோவியங்கள், துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிப்போன ஒரு குட்டி ஃபியட் கார், அதன்முன் படம் எடுக்க வரிசை. வரிசையில் நிற்பது உங்கள் விருப்பம். நான் நிற்கவில்லை.

ஆற்றோரத்தில் கலாவார் தேவாலயம். இதற்கும் அந்தக் கரை சாந்தா க்ரூஸுக்கும் ஒரு குடும்பச் சண்டைத் தொடர்பு உண்டு. பிரெஞ்சுப் பாதிரிகளின் ஆளுகையை ஏற்க மறுத்த போர்ச்சுகீசியக் குடும்பங்கள் 1780களில் பிரிந்து ஆற்றைக் கடந்து வந்தன. அவர்களுடைய தேவாலயம்தான் இது. இப்போதுள்ள கோதிக் கட்டடம் 1897இல் வந்தது. கூர்க் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் அங்கே உள்ளதைவிட அழகு என்பேன். பக்கத்திலேயே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றைப் பார்த்துக் கட்டிய வங்கி, இன்றும் கிளையாகவே இயங்குகிறது. வாசலில் ஆலமரம். பணம் எடுக்க வந்தவர் மாதிரி உள்ளே போய் ஐந்து நிமிடம் ஏசியில் நின்றுவிட்டு வரலாம், வார நாளாக இருந்தால்.

கிளம்ப வேண்டிய நேரம் மூன்றரை, நான்கு. ஹுவா லம்போங் மெட்ரோவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. படகில் வந்தால் கப்பல் துறைப் படித்துறை. ஞாயிற்றுக்கிழமை பல பட்டறைகள் மூடியிருக்கும், கூட்டம் மட்டும் இருக்கும். இரும்பு தட்டும் சத்தம் இல்லாத தலாத் நோய் வெறும் செல்ஃபி எடுக்கும் இடம்தான். அதனால் செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் எதிர்க்கரையில் இறங்குவதை இங்கிருந்து பார்க்கலாம்.

வடக்கே நடந்தால் சோங் வாத் சாலை. 1906இல் தீ விபத்து நடந்தபின், மன்னர் ஐந்தாம் ராமா வரைபடத்தில் தானே கோடு போட்டுக் காட்டிய சாலை இது. 'சோங் வாத்' என்றால் 'மன்னர் வரைந்தது'. மிளகு, பட்டை, பருப்பு மண்டிகள் இன்னும் சில உண்டு. மண்டி வாசனை மூக்கில் ஏறும்போது ஊர் நினைவு வரும். இருட்டியதும் சீனர் பேட்டையின் பெரிய தெருவான யாவராத் சாலைக்குப் போய்விடலாம், சாலையோரச் சாப்பாடு அப்போதுதான் களைகட்டும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், இது மூன்று பேட்டைக்கும் பொருந்தும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண் மாதிரி இருக்கும். 'ஜே' என்று படிக்க வேண்டும். அந்தக் கொடியோ பலகையோ இருந்தால் மாமிசம், மீன் சாறு, முட்டை எதுவும் சேர்க்க மாட்டார்கள். பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. என் மாமா யாவராத்தில் இரண்டு இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டவர், மூன்றாவதாக இந்தக் கொடியைப் பார்த்ததும் இரண்டு தட்டு நூடுல்ஸ் தின்றார். குடி ஜீன் பக்கம் இந்த வசதி குறைவு.

சரி, எதை எடுப்பது?

வயதானவர்கள் கூட வந்தால் பலரும் தலாத் நோய்தான் சுலபம் என்பார்கள், தூரம் குறைவு என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. தலாத் நோய் சந்துகளில் மோட்டார் சைக்கிள் விடாமல் வரும், தரையில் எண்ணெய்ப் பிசுக்கு, உட்கார இடம் என்றால் காசு கொடுத்துக் காபிக் கடையில்தான். குடி ஜீனில் நடை கூடுதல், ஆனால் கோயிலுக்குக் கோயில் நிழலும் திண்ணையும் கழிவறையும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களோடு வெளியே போனால் கடைசியில் நாளைத் தீர்மானிப்பது கழிவறைதான், பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பாலத்துப் படியேறுவது முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம் என்றால் போகும்போதும் படகையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள், இன்ஸ்டாகிராம் கூட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தலாத் நோய். குடி ஜீனில் அரை மணியில் "அடுத்து எங்கே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தனியாகப் போகிறவர் என்றால் குடி ஜீன். ஒரு கிலோமீட்டருக்குள் புத்த கோயில், தேவாலயம், சீனர் ஆலயம், பள்ளிவாசல் எல்லாம் அடுத்தடுத்து நிற்பதையும், யாரும் அதைப் பெரிதாக விளம்பரப்படுத்தாமல் தங்கள் பாட்டுக்கு வாழ்வதையும் பார்க்கத் தனிமை உதவும். தலாத் நோய் வேகமாகக் காபிக் கடைப் பேட்டையாகிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு இரும்புக் குவியல் குறைந்து ஒரு மெனு பலகை கூடியிருக்கிறது. அந்த இரும்பைப் பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் போய்விடுங்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாதமும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டுமே சுகம். ஏப்ரலில் காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடும், அப்போது மாலை நடையையே எடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் ஆறு நிரம்பி வரும், ஆற்றோர நடைபாதையில் தண்ணீர் ஏறலாம். அந்த நாட்களில் கரையை விட்டு உள்ளே போகும் தலாத் நோய் பாதுகாப்பு.

அரண்மனைப் பக்கம் யாராவது வலிய வந்து, "இன்று அங்கே மூடிவிட்டார்கள், நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்றால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஒரு துக்துக்காரரை, அந்த ஊர் ஆட்டோக்காரரை, நம்பி நான் பார்த்த 'வேறு இடம்' ஒரு நகைக்கடை.

பாங் ராக், அதுவும் திங்கட்கிழமை

பாங் ராக்கை இதுவரை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம், நடந்து பார்க்க அது மூன்றிலும் சுமார். ஊர்ப் பெயரில் காதல் இருக்கிறது. 'ராக்' என்றால் காதல், அதனால் பிப்ரவரி 14 அன்று இங்குள்ள பதிவு அலுவலகத்தில் கல்யாணம் பதிய ஜோடிகள் முட்டி மோதும். 1860களில் போட்ட சரோன் க்ருங் சாலை, நகரின் முதல் நவீனச் சாலை, நடுவில் போகிறது. செங்கல் முகப்போடு அசம்ப்ஷன் பேராலயம், ஓரியண்டல் ஓட்டல், ஹாரூன் பள்ளிவாசல் என்று பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீண்ட மதில்களும் ஓட்டல் வாசல்களும் வாகன நெரிசலும்தான். ஆறு பக்கத்தில் இருந்தும் பெரும்பாலும் கண்ணில் படாது.

ஆனால் உங்களுக்கு வாய்த்த அரை நாள் திங்கட்கிழமை என்றால் கணக்கு மாறிவிடும். குடி ஜீன் வீட்டு அருங்காட்சியகம் அன்று மூடல். யாவராத் சாலைக் கடைக்காரர்களில் பெரும்பாலோருக்கு அன்றுதான் ஓய்வு, தலாத் நோயிலிருந்து பசியோடு போனால் வெறும் சாலையைப் பார்க்கலாம். பாங் ராக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

சாத்தோன் படித்துறையிலோ ஓரியண்டல் படித்துறையிலோ இறங்கி, பேராலயத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி ஸிலோம் சாலையில் ஏறுங்கள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பான் தெரு முனையில் கோபுரம் தெரியும். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1879இல் வைத்தி படையாட்சி முதலான தமிழர்கள் எழுப்பியது. தாய்லாந்துக்காரர்கள் 'வாட் கேக்' என்பார்கள். 'கேக்' என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும் அப்படித்தான் அழைப்பது வழக்கம். நவராத்திரி முடிந்து விஜயதசமி இரவில் அம்மன் வீதி உலா வரும்போது ஸிலோம் சாலையில் வண்டி ஓடாது.

வாசலுக்கு எதிரே பூக்கடைகள் வரிசையாக இருக்கும். தட்டில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை. விற்பவர்களும் தாய்லாந்துக்காரர்கள், வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேரும் அவர்களே. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அத்தை வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெண், அலுவலக உடையில், எப்படிக் கன்னத்தில் போட்டுக்கொள்வது என்று சைகையில் கேட்டார். அத்தை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், வரிசை எங்களைத் தாண்டிப் போய்விட்டது.